கதையில் மாமாவுக்கு விக்டர் என்று பெயர்

லிங்கராஜபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடையின் முகப்பில் குறுக்கே நைலான் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளில் பாக்கெட் நாவல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பஸ் கிளம்பும்போது அடிக்கிற காற்றில் எல்லாம் சேர்ந்து படபடக்கும். மாதம் பிறந்தால் சென்னையிலிருந்து புதியவை வரும். அப்படி வந்த ஒன்றின் அட்டை இன்றைக்கும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மைக்கைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை, மணிக்கட்டு வரைக்கும். அதற்குப் பின்னால் கிட்டார் வாசிப்பவன் ஒருவனின் நிழல். நிழலில் இருந்தவன் இடது கைக்காரன். கிட்டாரை எங்கள் மாமா பிடிப்பதுபோலவே மாற்றிப் பிடித்திருந்தான். வீட்டுக்குப் போய் மாமாவிடம் காட்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டேதான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன்.

அப்போது நான் மெயின் ரோட்டில் ஒரு எஸ்டிடி பூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று யாராவது துபாயில் இருக்கும் புருஷனிடம் அழுதுகொண்டிருப்பார்கள். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து நான் கொலைகளைப் படித்துக்கொண்டிருப்பேன். துப்பறியும் நாவல் என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். அந்தக் கதைகளில் பாட்டுக்காரர்களுக்கு என்று ஒரு தலையெழுத்து உண்டு. மேடைப் பாடகி உச்சஸ்தாயியைத் தொடும்போது விளக்கு அணையும். மறுபடி எரியும்போது அவள் கீழே கிடப்பாள். டிரம்ஸ்காரனுக்குக் குடிப்பழக்கம் இருக்கும். கிட்டார்காரனுக்கு நீள முடியும், சொல்லாத காதலும் இருக்கும். இசையமைப்பாளர் நல்லவராக வந்தால் அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர்கள் ஏன் இப்படி மேடையைத் தேடித் தேடிப் போகிறார்கள் என்று அப்போது நான் யோசித்ததில்லை. பிறகு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு உயிர் போகிறது, ஒருவருக்கும் எப்படியென்று தெரியவில்லை. அதைவிட நல்ல தொடக்கம் ஒரு கதைக்கு வேறு எங்கே கிடைக்கும்?

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. அவர் கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். அந்த ஊரில் அந்தக் காலத்தில் தொழிலாளர் வீடுகள் இருந்த லைனுக்கு லைன் பாண்டு செட் இருந்ததாக மாமா சொல்வார். சர்ச்சில் இருந்த பழைய கிட்டாரை இடது கைக்கு மாற்றிப் பிடித்துத் தானே பழகிக்கொண்டார். பாதர் திட்டியும் கை மாறவில்லை. வேலை தேடி பெங்களூருக்கு வந்து ஒரு சின்ன ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன் ஆனார். சனி, ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசித்தார். எங்கள் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். என்னை ஒரு நாளும் பாரமாக நினைக்காதவர். அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதைக் கிட்டாரில் வாசித்துவிட்டு, போதுமா என்பதுபோல அக்காவைப் பார்ப்பார்.

அந்த ட்ரூப்பில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். ஆனால் காவிரித் தகராறில் தமிழர்கள் அடிவாங்கிய அந்த டிசம்பருக்குப் பிறகு பேனரில் பெயரைத் தமிழில் எழுதுவதை விட்டுவிட்டார்கள். கல்யாண வீடுகளில் தமிழ்ப் பாட்டு, தெரு மேடைகளில் கன்னடப் பாட்டு என்று ஆகிவிட்டது. ட்ரூப்பில் ஒரே ஒரு பெண் குரல்தான். ஜீவனஹள்ளிப் பெண். வாரம் முழுக்க கார்மெண்ட்ஸில் காலர் தைப்பாள். அம்மாவும் பெண்ணும்தான் வீட்டில். கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். கேட்பவர்கள் அவளை மைசூர்ப் பக்கம் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு ரிகர்சலுக்கு வந்தால் நேரே சமையலறைக்குப் போய், "அக்கா, இன்னா கொழம்பு?" என்று மூடியைத் திறந்து பார்ப்பாள். மாமாவை அண்ணா என்பாள்.

நவம்பர் மாதம் முழுக்க பெங்களூரில் கன்னட மாநிலம் பிறந்த நாளுக்கான ராஜ்யோத்சவ மேடைகள். தெருமுனைக்குத் தெருமுனை மஞ்சள் சிவப்புக் கொடி, பிளாஸ்டிக் நாற்காலி, ஆர்கெஸ்ட்ரா. ஒரு வருடம் அப்படி ஒரு சாயங்காலம் மழை பெய்து நின்றது. நானும் அக்காவும் முன்வரிசையில் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எலெக்ட்ரீஷியன் என்பதால் ட்ரூப்பின் வயரிங் எல்லாம் மாமாவின் பொறுப்பு. எங்கே மேடை போட்டாலும் பக்கத்தில் மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, எர்த் வயரை அதில் கட்டிவிடுவார். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் அது அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும், மைக்கைத் தொடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். அன்றைக்கும் அவர் சேற்றில் குந்தி உட்கார்ந்து கம்பியை அடிப்பதை நான் பார்த்தேன். மழையால் நேரமாகிவிட்டது என்று விழாக் கமிட்டிக்காரர்களுக்கு அவசரம். மேடையிலிருந்து ஒருவர், "ஏ கிட்டார், பேகா பன்னி!" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். மாமா எழுந்து போனார்.

இரண்டாவது பாட்டு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவாள். பலகை ஈரமாக இருந்தது. சரணத்துக்கு முன்னால் கிட்டாரில் ஒரு சின்ன பிட் வரும். அது முடியும்போது அவள் மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். பாட்டு வரவில்லை. அலறவில்லை, ஒன்றுமில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். எடுப்பைத் தவறவிட்டுவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். அவள் சேர்ந்துகொள்ளட்டும் என்று அந்த பிட்டை இன்னொரு தடவை வாசித்தார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி, இப்போது வா என்பதுபோலச் சிரித்தார். பிறகுதான் டிரம்ஸ்காரர் கத்தினார். யாரோ மெயினை அணைத்தார்கள். இருட்டில் நாற்காலிகள் சரிந்தன. கூட்டம் மேடையைச் சுற்றி நாலு பக்கமும் ஓடியது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை. போலீஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இரும்புக் கம்பி சேற்றில் நின்றுகொண்டிருந்தது. எர்த் வயர் அதன் காலடியில் சுருண்டு கிடந்தது. கூட்டத்தின் காலில் மாட்டி அவிழ்ந்ததா, கட்டவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாமாவாலும் முடியவில்லை. கம்பியை அடித்தது நினைவிருக்கிறது, கூப்பிட்டது நினைவிருக்கிறது, நடுவில் வயரைச் சுற்றினேனா என்பது மட்டும் நினைவில் இல்லை என்று இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னார். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம்தான் நான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன்.

மூன்றாவது அத்தியாயத்திலேயே எங்கள் மேடை வந்துவிட்டது. பெங்களூரில் ஒரு இசைக்குழு. தெருமுனை மேடை, மழை, வெறுங்காலோடு பாடும் பெண், மண்ணில் அடித்த இரும்புக் கம்பி. இடது கைக் கிட்டார்காரனின் பெயர் விக்டர். விக்டருக்கு அவள்மேல் ஆசை. அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த துப்பறியும் நிபுணர் காபியை உறிஞ்சிக்கொண்டே அந்த வயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இது தானாக அவிழ்ந்த முடிச்சு அல்ல. இடது கையால் அவிழ்க்கப்பட்ட முடிச்சு" என்கிறார். விக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். முற்றும். கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்த ஆள் பில்லுக்காக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் போட்டிருந்தது. அது யார் என்று ட்ரூப்பில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அனவுன்சர் சார்தான். மேடையில் கன்னடத்தில் அடுக்குமொழி பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர், வீட்டில் உட்கார்ந்து தமிழில் நாவல் எழுதுவார். செத்துப்போன மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் நாவல்களை ஆசையாகப் படித்தவர்கள்தான்.

மாமாவிடம் மறைக்கலாம் என்று அக்கா சொன்னாள். மறைக்க முடியவில்லை. அந்தக் கயிற்றில் தொங்கியதெல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்து போய், வாடகை நூலகத்தில் பிரதி கைமாறிக் கைமாறி, அட்டை கழன்று, கடைசியில் வெறும் தாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேக்டரியில் ஒருவன் முதலில் விளையாட்டாக, "இன்னா விக்டரு, டீ குடிச்சியா?" என்றானாம். அப்புறம் அதுவே பெயராகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் ட்ரூப்பை புக் பண்ணும்போது, "அந்த லெஃப்ட் ஹேண்டு ஆளு வேணாம்பா, வீட்ல பொம்பளைங்க பயப்படறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விபத்து நடந்தபோது மாமாவின் தோளைத் தட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். போலீஸ் சொன்னதை நம்பிய அதே மனிதர்கள், கதை சொன்னதை அதைவிட நன்றாக நம்பினார்கள். போலீஸ் சொன்னதில் முடிவு இல்லை. கதையில் இருந்தது.

மாமா அதைப் படித்தார். புத்தகம் படிக்கிற பழக்கமே இல்லாதவர், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அக்கா பிடுங்கப் போனாள். "இரு, இரு" என்றார். "எல்லாம் கரெக்டா எழுதி கீறாரு. மழ, பலக, அந்த பிட்டக்கூட எழுதி கீறாரு. ஒயர எப்ப வுட்டேன்னு பாக்கறேன்." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அது கதைங்க! நீங்க இன்னா அதுல போய்த் தேடறீங்க?" மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொல பண்ணலன்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிடுவேம்மா. ஒயர கட்னியான்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

ஒருவன் மேல் பொய்ப்பழி வந்தால் அவன் இல்லை என்று கத்தலாம். மாமாவுக்கு அந்த வழியும் இல்லாமல் போனது. பொய்க்கு உள்ளே ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வி அவருடையதாகவும் இருந்தது.

அனவுன்சர் சார் வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் பேச்சு வராமல் நின்றார். மேடையில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு அவரே டீ போட்டுக் கொண்டு வந்தார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று அக்கா கேட்டாள். யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய் அது ஒன்றுதான் வந்தது.

"நான் முதல்ல அப்படி எழுதலம்மா" என்றார். "விபத்துன்னுதான் எழுதினேன். அந்தப் பொண்ண எனக்கு மறக்க முடியல. நான்தானே அன்னிக்கு அவ பேரச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டேன். எழுதினா மனசு ஆறும்னு நெனச்சேன். மெட்ராஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. கொலகாரன் இல்லாத கொலக் கதைய எவன் வாங்குவான்னு கேட்டாங்க. கடைசி ரெண்டு அத்தியாயத்த மாத்தினேன். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா.

"கதைக்கு ஒருத்தன் வேணுமேம்மா. ஒயர் இவர் கிட்டதான் இருந்துச்சு. இத்தன பேர் இதப் படிச்சிட்டு இவரப் பாப்பாங்கன்னு நான் நெனைக்கல. கற்பனைன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கே."

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரில் அவர் மனைவியின் படம் மாலையோடு இருந்தது. அவரைத் திட்டலாம் என்று போன எங்களுக்கு, திட்டுவதற்கு ஒரு கெட்டவர் அங்கே கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் திடீரென்று ஏதோ வழி கிடைத்ததுபோல நிமிர்ந்தார். "ஒண்ணு பண்றேன். இதுக்கு அடுத்த பாகம் எழுதறேன். விக்டர் நிரபராதின்னு அதே துப்பறிவாளர் கண்டுபிடிக்கிற மாதிரி. ஒரே மாசத்துல எழுதித் தந்துடறேன்."

அதுவரை டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்த மாமா, "வேணாம் சார்" என்றார்.

"ஏன்?"

"அதுல வேற ஒருத்தன கொலகாரனா ஆக்கணுமில்ல? மெயின் போட்ட தம்பியையோ, டிரம்ஸ் அண்ணனையோ. அவங்களுக்கும் புள்ளகுட்டிங்க கீது."

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் ட்ரூப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்து நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அந்த நாவலை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. பழைய பேப்பர் கடையில்கூட அது ஒருமுறை என் கண்ணில் பட்டது.

மாமா தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மறுபடி விசாரியுங்கள், எனக்கே தெரிய வேண்டும் என்று கேட்டாராம். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சு போச்சு. கதைப் புக்கை வெச்சு கேஸ் நடத்தறதா? சும்னே மனெகே ஹோகப்பா" என்று சிரித்து, வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். கெட்ட மனிதரில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்த மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். குற்றம் செய்ததாகச் சந்தேகப்பட்டவர்கள் அவரைத் தேடி வரவில்லை. அவராகப் போய் நின்றாலும் விசாரிக்கப் போலீஸ் இல்லை.

அக்கா ஒருநாள் கேட்டுவிட்டாள். மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் பெண் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அவ மேல உங்களுக்கு அப்படி ஒண்ணும்…" என்று பாதியில் நிறுத்தினாள். கரண்டியில் இருந்த ரசம் தட்டுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயுமா அத முழுசா படிச்ச?" என்று மட்டும் கேட்டார். பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். அக்கா அன்று இரண்டு பாத்திரங்களை மாற்றி மாற்றித் துலக்கிக்கொண்டே இருந்தாள். கிட்டாரை அந்த வாரமே மாமா ஒரு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா தடுக்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காக்ஸ் டவுன் பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவர். மகள் போன பிறகு ஆள் பாதியாகியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அந்த நாவலை ஒவ்வொரு அத்தியாயமாக அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கடைசிவரை கேட்டிருக்கிறார். அக்கா பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா உள்ளேயிருந்து வந்து, அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அதுல சொல்லி கீற மாதிரி நீ பண்ணியாப்பா?" என்று கேட்டார் அந்த அம்மா. சத்தமே போடவில்லை.

"இல்லம்மா."

"தெரியும். உன்ன அண்ணான்னு கூப்டவ அவ." பிறகு அடுத்ததைக் கேட்டார். "ஒயர கட்னியா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலம்மா. எவ்ளோ யோசிச்சாலும் தெரியல."

அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெளியே வராத ஏதோ ஒரு சத்தம் போட்டார். பிறகு சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். "நீ பண்ணியிருந்தாகூட தேவலையே ராஜா. மண்ண வாரித் தூத்தவாவது எனக்கு ஒரு ஆளு இருந்திருக்குமே. கரண்ட்ட போய் நான் இன்னான்னு திட்டுவேன்? மழையப் போய் இன்னான்னு கேப்பேன்?"

மாமா, "என்னத் திட்டும்மா" என்றார்.

அவர் திட்டினார். முதலில் மெதுவாக, தயங்கித் தயங்கி. பிறகு குரல் ஏறியது. உன் கை அழுகிப் போகட்டும், உன் வீட்டில் விளக்கெரியாமல் போகட்டும், என் வயிறு எரிகிற மாதிரி நீயும் எரிவாய் என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். தாங்க முடியாமல் அக்கா குறுக்கே போனாள். மாமா அவள் காலைப் பிடித்துத் தடுத்தார். ஓய்ந்த பிறகு அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அக்கா சோறு போட்டாள். சாப்பிட்டார். போகும்போது கட்டிலில் சுருண்டிருந்த எங்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு ஜொரமா? கஷாயம் வெச்சுக் குடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை வர ஆரம்பித்தார். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வருவார், வாசற்படியில் உட்காருவார், திட்டுவார். மாமா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில மாதம் நாலு வார்த்தையோடு முடிந்துவிடும். நவம்பரில் மட்டும் நிற்காது. பிறகு சாப்பாடு, வெற்றிலை, ரேஷன் கடைப் பேச்சு. அக்கா எத்தனையோ முறை என்னிடம் அழுதிருக்கிறாள். "சும்மா இருக்கிற மனுசன் மேல மாசாமாசம் சாபம் வுழுதே, புள்ள இருக்கிற வீடாச்சே" என்பாள். அந்த அம்மாவை வராதே என்று சொல்ல அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. என்ன சொல்லி நிறுத்துவது? வருடங்கள் போய் அந்த அம்மாவுக்கு முட்டி வலி வந்து பஸ் ஏற முடியாமல் ஆனபோது, மாமா டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போய் அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். தன்னைத் திட்டுவதற்கு ஆளைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் மனிதரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். வண்டியில் வரும்போது இரண்டு பேரும் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

செல்போன் வந்து பூத் மூடியது. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டேன். அங்கே ஒருநாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது. அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

இரண்டு பஸ் மாறி நான் ஜீவனஹள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சந்தின் முனையில் மாமா ஒரு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தங்கவயலிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவின் தம்பி மகன்கள் அவரை உள்ளே விடவில்லை. "டேய் விக்டரு, பொண்ணத்தான் கொன்னுட்ட, ஆத்தாளையும் வந்து பாக்கணுமா?" என்று ஒருவன் கத்தினான். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் சின்னப் பையனாக இருந்த காலத்தில் வந்த நாவல் அது. படித்துக்கூட இருக்க மாட்டான். விக்டர் என்பதுதான் மாமாவின் நிஜப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

நான் அவனிடம் போனேன். "தம்பி, அது கதை. ஒருத்தர் கற்பனையா எழுதினது. இவரு பேரு விக்டரே இல்ல" என்றேன்.

"சும்மாவா எழுதுவாங்க? அத்தை மாசாமாசம் இவன் வீட்டு வாசல்ல போய் மண்ண வாரித் தூத்திட்டு வந்தது ஊருக்கே தெரியுமேக்கா" என்றான் அவன்.

அவர் திட்டியது உண்மை. ஏன் திட்டினார், இவர் ஏன் கேட்டுக்கொண்டார் என்பதை அந்தச் சந்தில், பறைச் சத்தத்துக்கு நடுவில், கோபத்தில் இருக்கும் ஒரு பையனுக்கு நான் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வேன்? மாமா என் கையைப் பிடித்து, "வுடும்மா" என்றார். பாடை எங்களைத் தாண்டிப் போனபோது மாலையை எறிந்தார். அது பாடையின் ஓரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. பின்னால் வந்தவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

அதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நான் துப்பறியும் கதைகள் படிப்பதில்லை. ஹாஸ்டல் பெண்கள் செல்போனில் கொலைப் படங்கள் பார்த்துவிட்டு, யார் செய்திருப்பார்கள் என்று எனக்குப் பின்னால் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். முடிவு தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். மாமா ரிட்டையர் ஆகிவிட்டார். அக்காவின் குழந்தைக்கும் கல்யாணமாகி, அவள் ஓசூரில் இருக்கிறாள். லீவு கிடைக்கும்போது நான் லிங்கராஜபுரம் போகிறேன். போன தடவை போனது ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரலாம் என்று கூப்பிட்டேன். மாமா வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு, படிக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். "யாராவது வராங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துப் பேசாதே என்று ஜாடை காட்டினாள். அடுப்பில் சோறு நாலு பேருக்கு வெந்துகொண்டிருந்தது.